காமெலியாப் பூவும் கணக்கேடும்

நுழையும்முன்

ஒரு நாடகம் பல தலைமுறைகளாக நடிக்கப்பட்டு வரும்போது, அதைக் காண்போர் எந்த இடத்தில் கண்ணீர் விடவேண்டும் என்பதும் மரபாகிவிடுகிறது. அந்த இடத்திலேயே ஒருவர் நின்று, ‘இந்தக் கண்ணீரால் பயனடைந்தவர் யார்?’ என்று கேட்டால், அதே கதை வேறொரு நாடகமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மேடையின் புகழ்பெற்ற காதல் நாடகம் ஒன்றை ஆங்கிலேய நாடகாசிரியர் பாம் ஜெம்ஸ் 1984ஆம் ஆண்டில் இவ்வாறு கேட்டு மீண்டும் எழுதினார். அந்த மறுவாசிப்பை இப்பாடம் விளக்குகிறது.

ஏலத்தில் தொடங்கிய கதை

1847ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று, பாரிஸ் நகரில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தி காசநோயால் இறந்தாள். மாரி துப்ளெசி என்பது அவள் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்; பெற்றோர் இட்ட பெயர் அல்ஃபோன்சின் பிளெசி. நார்மண்டிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் வறிய குடும்பத்தில் பிறந்தவள். குடிகாரத் தந்தையிடம் அல்லலுற்று, சிறுமியாகவே உழைக்கத் தொடங்கி, சலவை வேலையும் கடை வேலையும் பார்த்தவள். பாரிசுக்கு வந்தபின் செல்வர்களின் ஆதரவில் வாழும் கணிகையானாள். எழுதப் படிக்கக் கற்றாள், நூல்கள் சேர்த்தாள், நாடக அரங்குகளில் அவள் வந்து அமரும் மாடம் எல்லார் கண்களையும் ஈர்த்தது. இறந்த சில வாரங்களிலேயே அவளுடைய நகை, உடை, மரச்சாமான்கள், நூல்கள் அனைத்தும் கடனுக்காக ஏலம் விடப்பட்டன. உயிரோடிருந்தபோது அவள் வீட்டுப் படியேற நாணிய குடும்பப் பெண்களும் ஏலத்தின் பெயரால் அவ்வறைகளைப் பார்க்க வந்தனர். அப்போது பாரிசில் தங்கியிருந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட அவளது மறைவு நகரில் எழுப்பிய பரபரப்பைக் கண்டு வியந்தார்.

மாரியோடு 1844, 1845ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டுக்காலம் பழகியவர் அவள் வயதையொத்த அலெக்சாந்தர் டூமா. ‘மூன்று மஸ்கடியர்கள்’ எழுதிய புகழ்பெற்ற டூமாவின் மகன் இவர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயராதலால் இவரை இளைய டூமா என்பர். அவளது மறைவுக்குப் பின், 1848இல் ‘காமெலியாப் பூப் பெண்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். அந்நாவல் ஓர் ஏலத்தில்தான் தொடங்குகிறது. மாரி அதில் மார்கரித் கோத்தியே ஆனாள். மணமற்ற காமெலியாப் பூக்களையே எப்போதும் உடன் வைத்திருப்பவள் என்பதால் அவளுக்கு அப்பெயர்.

அடுத்த ஆண்டே நாவலை அவர் நாடகமாக்கினார். ஆயினும் தணிக்கையாளர்கள் அதைத் தடுத்தனர். கணிகை ஒருத்தியை நாயகியாக்குவதும், அவள்மீது இரக்கம் கொள்ளச் செய்வதும் ஒழுக்கத்துக்குக் கேடு என்பது அவர்களது கருத்து. 1851 டிசம்பரில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு உள்துறை அமைச்சரான மோர்னி பிரபு தடையை நீக்கினார். 1852 பிப்ரவரி 2 அன்று பாரிசின் வோதவில் அரங்கில் நாடகம் மேடையேறி, பெருவெற்றி கண்டது. விக்தர் ஹ்யூகோவின் ‘எர்னானி’ 1830இல் திறந்துவிட்ட புனைவியல் நாடக வெள்ளம் அப்போது வடியத் தொடங்கியிருந்தது. அரசரும் கொள்ளையரும் நிறைந்த பழங்காலக் கதைகளை விட்டு, பார்வையாளர் வாழும் தெருவுக்கே காதலையும் சாவையும் கொண்டுவந்தது இளைய டூமாவின் நாடகம்.

தெரிந்து தெளிவோம்

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி, இக்கதையைத் தழுவி ‘லா திராவியாத்தா’ என்னும் இசை நாடகத்தைப் படைத்தார். 1853 மார்ச் 6 அன்று வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் அது முதன்முதலாக நடிக்கப்பட்டது. கதை தம் காலத்திலேயே நிகழவேண்டும் என்று வெர்டி விரும்பினார். அரங்கத்தாரோ ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்தள்ளி, 1700ஆம் ஆண்டையொட்டி நடப்பதாகக் காட்டச் செய்தனர். தம் காலத்துக் கதையாக அதைப் பார்ப்பது அவ்வளவு சங்கடமாக இருந்தது போலும்!

நாடகத்தின் நடுமுடிச்சு

கதை எளியது. மார்கரித்தை ஆர்மான் துய்வால் என்னும் இளைஞன் உண்மையாக நேசிக்கிறான். அவளும் அவனுக்காகத் தன் ஆடம்பர வாழ்வைத் துறந்து, நகருக்கு வெளியே ஒரு வீட்டில் அவனோடு வாழ்கிறாள். அந்த வாழ்வுக்கான செலவைத் தன் உடைமைகளை விற்று அவளே ஏற்கிறாள். இந்நிலையில், மூன்றாம் அங்கத்தில், ஆர்மான் இல்லாத வேளை பார்த்து அவனுடைய தந்தை வருகிறார்.

இந்த ஒரு சந்திப்பில்தான் நாடகம் முழுவதும் நிற்கிறது. தந்தை முதலில் சினத்தோடு பேசுகிறார். தம் மகனுடைய பொருளை அவள் கரைப்பதாகக் குற்றம் சாட்டுகிறார். அவளோ தான் விற்றவற்றுக்கான தாள்களை எடுத்துக் காட்டுகிறாள். அவர் குரல் தணிகிறது. மரியாதையோடு வேறொரு வேண்டுகோளை முன்வைக்கிறார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். நல்ல குடும்பத்தில் அவளுக்கு மணம் பேசியிருக்கிறார்கள். அண்ணன் ஒரு கணிகையோடு வாழ்வது தொடர்ந்தால் அம்மணம் நின்றுவிடும். ஆகவே மார்கரித் அவனைவிட்டு விலகவேண்டும். சிறிது காலத்துக்கன்று, என்றென்றைக்கும். காரணத்தையும் அவனிடம் சொல்லக்கூடாது. அவள் அழுகிறாள், வாதாடுகிறாள், முடிவில் இசைகிறாள். தன்னை ஒருமுறை மகளைப்போல் எண்ணி முத்தமிடுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறாள்.

பின்னர் நிகழ்வன அனைத்தும் இதன் விளைவுகளே. அவள் பழைய வாழ்வுக்குத் திரும்பியதாக நம்பிய ஆர்மான், விருந்தினர் பலர் நடுவே பணத்தை அவள்மீது வீசி இழிவுபடுத்துகிறான். உண்மை தெரிந்து அவன் திரும்பிவரும்போது அவள் சாவின் வாயிலில் இருக்கிறாள். நாவலில் அவள் தனிமையில் இறக்கிறாள். நாடகத்தில் அவன் கைகளில் இறக்கிறாள். பார்வையாளருக்காகச் செய்த மாற்றம் இது என்பது தெளிவு.

சாரா பெர்னார், எலியனோரா டூசே போன்ற பெருநடிகையர் மார்கரித்தாக நடித்து உலகெங்கும் புகழ்பெற்றனர். 1936இல் கிரேட்டா கார்போ நடித்த ஹாலிவுட் திரைப்படமும் வந்தது. ஆங்கில உலகம் இந்நாடகத்தைக் ‘கமீல்’ என்றே அழைத்தது. இத்தனை மேடைகளிலும் மூன்றாம் அங்கம் தப்பாமல் கண்ணீர் வரவழைத்தது. களங்கம் உற்றவளாகக் கருதப்பட்ட ஒரு பெண், தன் தியாகத்தால் தூயவளாகிறாள், தூயவளானதும் இறந்துவிடுகிறாள். அதனால் தந்தையின் மகளுக்கும் மணம் நடக்கும், மகனுக்கும் இழிவில்லை, அரங்கைவிட்டு வெளியேறும் செல்வர்க்கும் மன உறுத்தல் இல்லை. இளைய டூமா இரக்கமுள்ளவர்தாம். ஆயினும் அவ்விரக்கம் யாரையும் பொறுப்பாளி ஆக்கவில்லை.

பாம் ஜெம்ஸின் கேள்வி

பாம் ஜெம்ஸ் 1925இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாய் வறுமையில் பிள்ளைகளை வளர்த்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றார். மணம் முடித்து நான்கு பிள்ளைகளை வளர்த்த இவர், நாற்பது வயதைக் கடந்த பின்னரே மேடைக்காகத் தொடர்ந்து எழுதத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. ‘கிறிஸ்டினா அரசி’, பாடகி எடித் பியாஃபின் வாழ்வைச் சொல்லும் ‘பியாஃப்’ ஆகிய நாடகங்களில், புகழ்மிக்க பெண்களைச் சுற்றிப் படர்ந்திருந்த கற்பனைப் பூச்சைச் சுரண்டிவிட்டு, அவர்கள் உண்டதையும் உழைத்ததையும் கடன்பட்டதையும் காட்டினார். அடுத்து அவர் கை வைத்தது ‘கமீல்’ கதையில்.

ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக்குழு 1984இல் ஜெம்ஸின் ‘கமீல்’ நாடகத்தை ஸ்ட்ராட்ஃபோர்டு நகரிலுள்ள தன் சிறிய அரங்கான ‘தி அதர் பிளேஸ்’இல் மேடையேற்றியது. இயக்கியவர் ரான் டேனியல்ஸ். மார்கரித்தாக நடித்தவர் பிரான்சஸ் பார்பர். அடுத்த ஆண்டு நாடகம் இலண்டனுக்குச் சென்றது. அரங்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தகரத் தகடுகளால் ஆன கொட்டகை அது. அக்குழுவின் முதல் பெண் இயக்குநரான பஸ் குட்பாடியின் முயற்சியால் 1974இல் நாடக அரங்கானது. நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையே சில அடிகளே தொலைவு. பொன்முலாம் பூசிய மாடங்களிலிருந்து தொலைநோக்கிக் கண்ணாடி வழியே பார்த்து அழுவதற்கு அங்கே இடமில்லை. மார்கரித் இருமினால் அது முன்வரிசைக்கே கேட்கும்.

ஜெம்ஸ் கதையின் போக்கைப் பெரிதும் குலைக்கவில்லை. காதல் உண்டு, தந்தையின் வருகை உண்டு, பிரிவும் சாவும் உண்டு. ஆனால், நடுமுடிச்சை மட்டும் அவிழ்த்து வேறுவிதமாகக் கட்டினார். அவருடைய மார்கரித்துக்கு ஒரு மகன் இருக்கிறான். சிறுமியாக ஒரு பிரபுவின் மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்தபோது, அப்பிரபுவின் கொடுமைக்கு ஆளாகிப் பெற்ற குழந்தை அது. அந்தப் பிரபுவே ஆர்மானின் தந்தை.

மூன்றாம் அங்கத்தின் உரையாடலை இப்போது மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். குடும்பத்தின் பெயரைக் காக்குமாறு அவளிடம் வேண்ட வந்திருப்பவரே, அவளை இவ்வாழ்வுக்குள் தள்ளியவர். ‘இவளை இந்நிலைக்கு ஆளாக்கியது எது?’ என்ற வினாவுக்குப் பழைய நாடகத்தில் ‘ஊழ்’, ‘சமூகம்’ என்றே விடை கிடைக்கும். ஜெம்ஸின் நாடகத்தில் அவ்விடை நடந்துவந்து நாற்காலியில் அமர்கிறது. அவள் காதலனைக் கைவிடுவதும் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் திருமணத்துக்காக அன்று. தன் மகனுக்குக் கல்வியும் எதிர்காலமும் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பேரத்துக்கு இசைகிறாள். முந்தைய நாடகத்தில் வேண்டுகோளாக இருந்தது இங்கே விலைபேசலாக வெளிப்படுகிறது. அவளிடம் கேட்கப்படுவது பெருந்தன்மை என்ற மாயம் கலைகிறது.

சட்டமும் கூலியும்

இம்மாற்றத்தை ஜெம்ஸின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. அக்காலப் பிரான்சின் சட்டத்தைப் பார்த்தால் அதன் கூர்மை புலப்படும். 1804இல் நெப்போலியன் காலத்தில் இயற்றப்பட்ட உரிமையியல் சட்டத் தொகுப்பின் 340ஆம் பிரிவு, மணமாகாமல் பிறந்த குழந்தையின் தந்தை யார் என்று நீதிமன்றத்தில் தேடுவதையே தடைசெய்தது. பெண் கடத்தப்பட்ட நிலை ஒன்றே அதற்கு விலக்கு. குழந்தையைத் தன்னுடையது என்று ஆண் தானாக ஏற்றால் உண்டு. இல்லையேல், தாயால் அவனிடம் ஒரு காசும் கேட்கமுடியாது. 1912ஆம் ஆண்டுவரை இத்தடை நீடித்தது. ஆகவே, ஜெம்ஸின் மார்கரித் தன் மகனுக்காகக் கேட்கக்கூடிய உரிமை எதுவும் இல்லை. பிரபு தருவது சலுகை, விரும்பினால் தருவார். சலுகையாகத் தருவதால்தான் அதற்கு ஈடாக எதையும் கேட்க அவரால் முடிகிறது.

இதில் வியப்பு என்னவெனில், இச்சட்டத்தின் காயத்தை நேரில் அறிந்தவர் இளைய டூமாதாம். அவர் தாய் கத்ரீன் லபே ஒரு தையற்பெண்; மூத்த டூமாவை மணந்தவர் அல்லர். 1831இல், மகனுக்கு ஏழு வயதாகும்போது, தந்தை அவனைத் தன் பிள்ளையாகச் சட்டப்படி ஏற்றார். ஏற்றதும் தாயிடமிருந்து பிரித்துப் பள்ளி விடுதியில் சேர்த்தார். முறையற்ற பிறப்பு என்று உடன் பயின்றவர்கள் இழித்துரைத்ததை இளைய டூமா வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1858இல் இப்பொருள் பற்றியே ஒரு நாடகம் எழுதினார்; 1883இல் தந்தையைத் தேடும் உரிமை பற்றித் தனி நூலொன்றும் வெளியிட்டார். ஆனால், மார்கரித்தின் கதையில் மட்டும் இதற்கு இடமில்லாமல் போயிற்று. அவளுக்குத் தாய்மை தரப்படவில்லை. தையற்பெண் கத்ரீன் லபேயின் நிலையை, நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஜெம்ஸ் மார்கரித்திடம் கொண்டு சேர்த்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இனிக் கூலி. பாரிஸ் வணிகக் கழகம் 1847இல், அதாவது மாரி இறந்த ஆண்டில், நகரத் தொழிலாளர் நிலை பற்றி ஓர் ஆய்வு மேற்கொண்டது. ஆண் தொழிலாளி ஒருவரின் சராசரி நாட்கூலி 3 பிராங்க் 80 சாந்தீம். பெண்ணின் கூலி 1 பிராங்க் 63 சாந்தீம். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் ஒரு பெண்ணின் வருமானம் 490 பிராங்க்கைத் தாண்டாது. மார்கரித்தோ ஆண்டுக்கு ஓர் இலட்சம் பிராங்க் செலவிடுவதாக நாடகத்தின் முதல் அங்கத்திலேயே கூறுகிறாள். உழைத்து வாழும் பெண்ணைக் காட்டிலும் இருநூறு மடங்கு! இந்த இரண்டு எண்களுக்கும் இடையே பாரிஸ் நகரத்துப் பெண்களுக்கு நடுவழி ஏதும் அரிதாகவே இருந்தது. இளைய டூமாவும் தம் நாயகியின் கடன்களைக் கணக்கிட்டே காட்டுகிறார். பணத்தை அவர் மறைக்கவில்லை. ஆயினும் காதல் வந்ததும் கணக்கேடு மூடப்பட்டுவிடுகிறது. ஜெம்ஸ் அதை இறுதிவரை மூடவிடவில்லை. அவருடைய மேடையில் காதலும் கணக்குப் பார்க்கப்படுகிறது; அதைச் செலவிட இயலாதவள் மார்கரித்.

நோய்க்கும் இவ்வாறே ஒரு பூச்சு இருந்தது. காசநோயைக் கிருமி உண்டாக்குகிறது என்பதை இராபர்ட் கோக் 1882இல்தான் கண்டறிந்தார். அதற்கு முன்பு, மென்மையான உள்ளத்தை வாட்டும் அழகிய நோயாகவே புனைவியல் கலைஞர்கள் அதைப் பாடியும் வரைந்தும் வந்தனர். வெளிறிய கன்னமும் ஒளிரும் கண்களும் நாயகிக்கு அணிகலன்களாயின. சலவைக்கூட ஈரத்திலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் அது பரவியதை அவர்கள் பாடவில்லை.

மறுப்புகளும் மதிப்பீடும்

ஜெம்ஸின் நாடகத்தைக் குறைகூறவும் இடமுண்டு. அன்று கொடுமை செய்தவரே இன்று காதலனின் தந்தையாக வந்து நிற்பது, மிகை நாடகத்துக்குரிய தற்செயல் என்பது ஒரு குறை. இதில் உண்மை இருக்கிறது. பாரிசில் எத்தனையோ பிரபுக்கள் இருக்க, இவரே ஏன் வரவேண்டும்? ஆனால், பழைய நாடகமும் தற்செயல்களால் ஆனதே. அங்கே தற்செயல்கள் காதலர்க்கு உதவின. இங்கே பொறுப்பைச் சுட்டிக்காட்ட உதவுகின்றன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. காதலனின் தங்கைக்காகத் தியாகம் செய்தவள், இங்கே மகனுக்காகத் தியாகம் செய்கிறாள். இரண்டிலும் விட்டுக்கொடுப்பவள் பெண்ணே. தாய்மை என்னும் இன்னொரு பீடத்தில் அவளை ஏற்றிவைப்பதால் என்ன பெண்ணியம் விளைந்தது? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. மார்கரித்தைப் பிழைக்கவைத்து, பிரபுவை வென்று மகனோடு புறப்பட்டுச் செல்பவளாகக் காட்டியிருக்கலாமே என்றும் கேட்கலாம். அவ்வாறு செய்திருந்தால் அரங்கில் கைதட்டல் எழுந்திருக்கும்; 1847இன் பாரிஸ் காணாமல் போயிருக்கும். வெல்ல வழியில்லாத ஓரிடத்தில் ஒருத்தியை நிறுத்தி, அந்த வழிகளை அடைத்தவர் யார் என்று காட்டுவதையே ஜெம்ஸ் தேர்ந்துகொண்டார். அவள் விட்டுக்கொடுப்பதை அவர் புகழவில்லை என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பழைய நாடகத்தின் மார்கரித், தந்தையின் கண்களில் தான் உயர்ந்துவிட்டதை எண்ணி ஆறுதல் அடைகிறாள். ஜெம்ஸின் மார்கரித்துக்கு அவர் கண்களில் உயரவேண்டிய தேவையே இல்லை. அவர் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

நடிப்பவர்க்கும் இது புதிய வேலையைத் தந்தது. முன்னைய நடிகையரின் புகழ் பெரும்பாலும் இறுதிக் காட்சியில், அவர்கள் எவ்வளவு அழகாக இறந்தார்கள் என்பதில் இருந்தது. ஜெம்ஸின் நாடகத்திலோ மிகக் கடினமான பகுதி, தந்தையின் எதிரே அமர்ந்திருக்கும் காட்சி. சினத்தையும் அச்சத்தையும் ஒரு தாயின் கணக்கையும் ஒரே முகத்தில் அங்கே காட்டியாகவேண்டும். 1986இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இந்நாடகம் மேடையேறியபோது, திரையுலகில் புகழின் உச்சியிலிருந்த கேத்லீன் டர்னர் இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார்.

இளைய டூமாவின் நாடகம் இன்றும் நடிக்கப்படுகிறது. வெர்டியின் இசை நாடகம் உலக அரங்குகளில் மிகுதியாக நிகழ்த்தப்படுவனவற்றுள் ஒன்று. ஜெம்ஸின் ‘கமீல்’ அவற்றை இடம்பெயர்க்கவில்லை. ஆனால், அதைப் படித்த ஒருவர் பழைய நாடகத்தை மீண்டும் காணச் சென்றால், மூன்றாம் அங்கத்தில் அழும் மார்கரித்தைவிட, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பணிவாகப் பேசும் அந்தத் தந்தையையே உற்றுப் பார்ப்பார்.

பாரிசின் மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் இளைய டூமாவின் கல்லறை இருக்கிறது. அதே தோட்டத்தில்தான் மாரியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். இன்றும் சிலர் அங்கே பூ வைத்துவிட்டுச் செல்கின்றனர். கல்லில் காமெலியாப் பெண் என்றோ மாரி துப்ளெசி என்றோ பொறிக்கப்படவில்லை. அல்ஃபோன்சின் பிளெசி என்றே இருக்கிறது.